கனத்த கிட்டார் எங்கிருந்து வந்தது? நேரில் கண்டதும் கேட்டதும்

பட்டறைக்காரன், பர்மிங்காம்

2025 ஜூலை 30 அன்று, பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்னின் இறுதி ஊர்வலம் எங்கள் ஊர் பிராட் ஸ்ட்ரீட் வழியாகப் போனது. அங்கே கால்வாய்மேல் இருக்கிற பாலத்துக்கு 2019லேயே பிளாக் சபாத் பாலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழுவின் நான்கு பேரின் முகம் போட்ட பெஞ்ச் ஒன்று அதில் உண்டு. அன்று பெஞ்சே தெரியவில்லை. பூவும் கடிதமுமாக மூடிக் கிடந்தது. குழல் ஊதும் குழு முன்னால் நடக்க, கறுப்புக் கார் பின்னால் ஊர்ந்து வந்தது. நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போயிருந்தேன்.

பக்கத்தில் நின்ற பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பாலத்துக் கம்பியைப் பிடித்திருந்த என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மோதிர விரலில் நுனி இல்லை. "பிரஸ்ஸா?" என்றார், அவ்வளவுதான். தன் கட்டைவிரலையும் காட்டினார். அவரும் தகடு வேலை பார்த்தவர்.

என் கதை சின்னது. இருபத்திரண்டு வயதில் கோவையில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் நின்றேன். அச்சுக்கு முன்னால் கையைக் காக்கும் தடுப்பு கிடையாது. ஒரு நொடி அசந்தேன். அதுவரை எங்கள் சர்ச் பாடகர் குழுவில் நான்தான் கிட்டார். கட்டுப் பிரித்த அன்றைக்கே கிட்டாரைத் துணி சுற்றிப் பரணில் போட்டேன். திரும்ப எடுக்கவில்லை.

அந்தப் பெரியவர்தான் பாலத்தில் நின்றபடி, அந்த நால்வரில் கிட்டார் வாசிக்கும் டோனி அயோமியின் கதையை எனக்குச் சொன்னார். பதினேழு வயது, தகட்டுத் தொழிற்சாலையில் கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த பையன் இனிப் போகமாட்டேன் என்றிருக்கிறான். ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு ஆள் வராத பிரஸ்ஸில் அவனை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைக்காரர், அதனால் கம்பியை அழுத்துவது வலது கை. இனி வாசிக்க முடியாது என்றார்கள் மருத்துவர்கள். தொழிற்சாலை மேலாளர் வீட்டுக்கே வந்து ஒரு இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னாராம். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. 1928இல் தீப்பிடித்து இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகும் ஐரோப்பாவே கேட்கும்படி ஜாஸ் வாசித்த மனிதர்.

வீட்டுக்கு வந்து பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தைப் போட்டேன். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. மழை, மணி, பிறகு அந்த மூன்று சுரம். எத்தனையோ முறை கேட்டதுதான். அன்றைக்கு என் பட்டறையே அதற்குள் கேட்டது.

இங்கே கேட்க வந்தது இதுதான்: இந்தக் கனம் அந்த ஆல்பத்தில்தான் பிறந்ததா, அதற்கு முன்பே எங்காவது இருந்ததா? நீங்கள் அதை எங்கே சந்தித்தீர்கள்? இடம் சொல்லி எழுதுங்கள்.


பழைய தட்டு, சென்னை

முன்பே இருந்தது அண்ணா. எனக்கு ஒரே பாட்டை இரண்டு முறை கேட்டதில் அது பிடிபட்டது.

அப்பாவிடம் ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் தொகுப்பு ஒன்று இருந்தது. எடி காக்ரன் 1958இல் பாடிய 'சம்மர்டைம் ப்ளூஸ்' அதில் உண்டு. விடுமுறையில் வேலைக்குப் போகிற பையனின் புலம்பல். சாதாரணக் கிட்டார், கைத்தட்டல், நடுநடுவே முதலாளி குரலில் ஒரு கட்டை பதில். சிரித்துக்கொண்டே கேட்கலாம். பிறகு கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் புளூ சீர் என்ற சான்பிரான்சிஸ்கோ குழுவின் 1968 ஆல்பத்தைப் போட்டார். அதே பாட்டு. மூன்றே பேர். முதலாளி பதில் சொல்லும் இடமெல்லாம் ஆள் பேசவில்லை, வாத்தியம் இடித்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து நான் எழுந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். பத்து வருஷத்தில் ராக்குக்குள் என்ன நடந்தது என்பதற்கு அந்த இரண்டு பதிவுகளும் போதும்.

அதே 1968இல்தான் ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் 'பார்ன் டு பி வைல்ட்' பாட்டில் ஹெவி மெட்டல் என்ற இரண்டு வார்த்தைகளும் வந்தன. அங்கே அது மோட்டார்சைக்கிளின் முழக்கம், இசைக்கு இன்னும் அந்தப் பெயர் இல்லை.

ஸ்பீக்கர் கிழிந்தது என்றேனே, நிஜமாகவே கிழித்தவர் இருக்கிறார். லிங்க் ரே, 1958, 'ரம்பிள்'. பாடல் வரியே கிடையாது, வெறும் கிட்டார். மேடையில் வந்த சத்தம் பதிவில் வரவில்லை என்று பென்சிலால் ஸ்பீக்கர் கோனில், அதாவது அதன் காகிதக் கூம்பில், ஓட்டை போட்டார். அந்தத் தலைப்புக்குத் தெருச் சண்டை என்று பொருள் வருவதால் அமெரிக்காவில் சில வானொலிகள் அதைப் போட மறுத்தன. சொல்லே இல்லாத பாட்டுக்குத் தடை!

அயோமி அண்ணனும் விரல் வலியால்தான் முதல் ஆல்பத்திலேயே ஸ்ருதியை இறக்கிவிட்டார், அந்தக் கனம் அங்கிருந்துதான் என்று படித்திருக்கிறேன்.


ஹான்வெல்வாசி, லண்டன்

தம்பி, பிளேட்டால ஸ்பீக்கரை வெட்டின கதையை விட்டிட்டீர். 1964இல கிங்க்ஸ் குழு 'யூ ரியலி காட் மீ' வாசிச்சதெல்லோ. டேவ் டேவிஸுக்கு அப்ப பதினேழு வயசு. கிட்டார்ச் சத்தத்தைக் கூட்டிற சின்ன எல்பிக்கோ அம்ப் ஒண்டின்ர ஸ்பீக்கரைச் சவரப் பிளேட்டால கீறி, அதைப் பெரிய வொக்ஸ் அம்புக்குள்ள குடுத்தவர். அந்தக் கரகரப்புத்தான் பாட்டின்ர உயிர்.

நான் சொல்ல வந்தது வேற. வந்த புதுசில சவுத்தோலில இருந்தனான், ஹான்வெல் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேசனில இராவேலை. ஒரு விடியப்புறம் மூண்டு மணிபோல வான் வண்டியில வந்த ஒருத்தர் பின்கதவைத் திறந்து சாமானைச் சரிப்படுத்த உதவி கேட்டவர். கறுப்புப் பெட்டி, முன்னால சீலை, மேல மார்ஷல் எண்ட எழுத்து. நான் தனியத் தூக்கப் பாத்தன், அசையேல்லை. ரெண்டு பேருமாப் பிடிச்சுத்தான் ஏத்தினது. "இது பிறந்த ஊரிலதான் நிக்கிறாய், தெரியுமோ?" எண்டு கேட்டார். எனக்குத் தெரியாது.

ஜிம் மார்ஷல் ட்ரம்ஸ் பழக்கின மனிசன். அறுபதுகளின்ர தொடக்கத்தில ஹான்வெலில, இந்த உக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில கடை வச்சிருந்தவர். அமெரிக்காவில இருந்து வாற ஃபெண்டர் அம்ப் பொடியளின்ர காசுக்குக் கட்டாது. அப்ப கென் பிரானும் டட்லி கிரேவனும் ஃபெண்டர் பாஸ்மன் அம்பைப் பாத்து, இங்க கிடைக்கிற சாமானைக்கொண்டு ஒண்டைச் செய்தினம். வால்வும் வேற, ட்ரான்ஸ்ஃபோமரும் வேற, மூடின பெட்டிக்குள்ள பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் நாலு. அந்த வித்தியாசத்தாலதான் சத்தம் கூட்டக்கூட்டச் சுத்தமா இல்லாமல் தடிப்பாக் கரகரத்தது. அந்தத் தடிப்பை ஆரும் திட்டம் போட்டுச் செய்யேல்லை, கைக்கெட்டினதைக்கொண்டு செய்ததில வந்தது.

1965இல தி ஹூ குழுவின்ர பீற் டவுன்ஷெண்ட் நூறு வாட்ஸ் கேட்டார். எட்டு ஸ்பீக்கரையும் ஒரே பெட்டியில போட்டுக் குடுத்தால் சாமான் தூக்கிற பொடியளால ஏலாமப் போச்சு. அதை ரெண்டாப் பிரிச்சு ஒண்டின்மேல ஒண்டு அடுக்கினதுதான் பிறகு எல்லா மெட்டல் மேடையிலும் நிண்ட அந்த அடுக்கு. தூக்கிறவையின்ர முதுகைக் காப்பாத்த வந்த வடிவம் அது. இண்டைக்கும் அந்த ரோட்டால பஸ்ஸில போகேக்க கடை இருந்த பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாப்பன்.


சுரஸ்தானம், திருச்சி

பட்டறைக்காரன் அண்ணா, பரணில் கிட்டார் என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். மீட்டுகிற விரலில் சின்னக் கீறல் என்றாலே அன்று பாடம் ஓடாது.

என் மாணவன் ஒருவன் வகுப்பு தொடங்குமுன் எப்போதும் ஒரே துண்டை வாசித்துக்கொண்டிருப்பான். ஸ, மேல் ஸ, அங்கிருந்து இறங்கி பிரதி மத்யமம் (இரண்டு மவில் உயர்ந்தது), அதில் ஒரு நடுக்கம். என்னடா ராகம் என்றேன். "மிஸ், இது பிளாக் சபாத்" என்றான். அன்றைக்குத்தான் நான் முதல்முறை கேட்டேன்.

ஸவுக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இந்தத் தூரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை நூல்களில் இசையின் பிசாசு என்று லத்தீனில் குறித்திருக்கிறார்கள். தேவாலயம் இதற்குத் தடை போட்டது என்று பரவும் கதைக்கு ஆதாரம் இல்லை, பாடுவதற்குக் கடினம் என்று ஒதுக்கினார்கள், அவ்வளவுதான். நமக்கு இது கல்யாணி! மங்களகரமான ராகம். அப்படியிருக்க அங்கே மட்டும் ஏன் வயிற்றைப் பிசைகிறது என்று யோசித்து உட்கார்ந்தேன். கல்யாணியில் அந்த மத்யமம் பஞ்சமத்தை, அதாவது பவை, நோக்கிச் சாய்கிறது, போய்ச் சேர்ந்ததும் காது ஆறுகிறது. இங்கே மெட்டு பஞ்சமத்துக்குப் போகவே மறுக்கிறது. மாடிப்படியில் ஒரு காலைத் தூக்கி, வைக்காமல் நிற்பதுபோல. பாஸ் வாசிக்கும் கீசர் பட்லர், ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'கோள்கள்' தொகுப்பில் வரும் செவ்வாய்ப் பகுதியை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம், மறுநாள் அயோமி இந்தத் துண்டோடு வந்தார் என்று பட்லரே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். இவர்கள் இரண்டு சுரத்தைச் சேர்த்து மீட்டிப் பவர் கார்டு என்பது நம் தம்பூராதான், ஸவும் பவும். கரகரக்கும் ஆம்பில் காந்தாரத்தையும் (க) சேர்த்து மீட்டினால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடுகின்றன. ஸ–ப மட்டும் என்றால் எவ்வளவு கரகரத்தாலும் தூண் மாதிரி நிற்கிறது. அந்த இசையில் காந்தாரம் பல இடங்களில் காணாமல் போனதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பழைய தட்டு தம்பி, முதல் ஆல்பத்தில் ஸ்ருதி இறங்கவில்லை. வீணையோடு வைத்துப் பார்த்துவிட்டேன். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான் சில பாட்டுகளில் மூன்று அரைச்சுரம் இறங்குகிறார்கள். கம்பி தளர்ந்தால் விரலுக்கு இதம் என்பது உண்மை. ஆனால் முதல் ஆல்பத்தின் பயம் தாழ்ந்த ஸ்ருதியில் இல்லை, அந்த மத்யமத்தில் இருக்கிறது.


தெற்குக்காற்று, சிகாகோ

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். கறுப்பினத்தவர் பெயர் ஒன்றுகூட வரவில்லையே என்று வருத்தமாக இருந்தது. கோபம் இல்லை, சொல்லாமல் விடவும் முடியவில்லை.

இங்கே 2120 சவுத் மிச்சிகன் அவென்யூவில் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையைப் பதிவு செய்த பழைய செஸ் ரெக்கார்ட்ஸ் கட்டடம் இருக்கிறது. இப்போது ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் தொடங்கிய ப்ளூஸ் ஹெவன் அமைப்பு அதைக் காக்கிறது. ஊரிலிருந்து வந்த என் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாதஸ்வரக் குடும்பம், ராக் பற்றி எதுவும் தெரியாது. மாடியில் பதிவு அறை, நினைத்ததைவிடச் சின்னது. சுற்றிக்காட்டியவர் ப்ளூஸ் பாடகர் ஹவ்லிங் வுல்ஃபின் குரலைப் போட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "அடிவயித்துலேருந்து ஊதுறான்பா" என்றார்.

ஹவ்லிங் வுல்ஃப் 1951இல் மெம்ஃபிஸில் பதிவு செய்த 'ஹவ் மெனி மோர் இயர்ஸ்' பாட்டைத் தேடிக் கேளுங்கள். வில்லி ஜான்சனின் கிட்டார் அதிலேயே கரகரக்கிறது. பென்சிலுக்கும் பிளேட்டுக்கும் முன்னால். அதே வருஷம், அதே ஊர், 'ராக்கெட் 88'. அதில் ஆம்ப் வழியில் அடிபட்டுவிட, கிழிந்த கோனுக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார் வில்லி கிசார்ட்.

டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டையும், 1969இல் லெட் செப்பலின் வெளியிட்ட 'ஹோல் லாட்டா லவ்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வரிகள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும். டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசம் ஆனது. இப்போது அந்தப் பாட்டில் அவர் பெயரும் இருக்கிறது. இதைச் சொன்னபோது மாமா, "எத்தனை வருசம்?" என்று மட்டும் கேட்டார். பதினெட்டு என்றேன். வெளியே வந்து கார் ஏறுகிறவரை அவர் பேசவில்லை.

பர்மிங்காம் பையன்கள் நால்வரும் முதலில் ப்ளூஸ் குழுதான். தொடக்கத்தில் பெயரிலேயே ப்ளூஸ் இருந்தது, பிறகு எர்த் என்று மாற்றினார்கள், அதற்குப் பிறகுதான் பிளாக் சபாத். வேர் என்று கேட்டால் ப்ளூஸ் பிறந்த மிசிசிப்பிப் பருத்திக்காட்டைத்தான் நான் காட்டுவேன்.


பட்டறைக்காரன், பர்மிங்காம்

தெற்குக்காற்று சொன்னது நெஞ்சில் தைத்தது. இரவே ஹவ்லிங் வுல்ஃபைக் கேட்டுவிட்டு முதல் ஆல்பத்துக்குத் திரும்பினேன். இரண்டாவது பாட்டில் ஓஸி மவுத்ஆர்கன் ஊதுகிறார். இத்தனை நாள் அது அங்கே ஏன் இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. சிகாகோவிலிருந்து ஓஸி வளர்ந்த எங்கள் ஊர் ஆஸ்டனுக்கு வந்த சாமான் அது. ட்ரம்ஸில் பில் வார்ட் துள்ளுகிற இடங்களைக் கேட்டால் ஜாஸ். மொத்த ஆல்பமும் 1969 அக்டோபரில் ஒரே நாளில் வாசித்துப் பதிந்தது. மேடையில் வாசித்துப் பழகியதை அப்படியே வாசித்தார்கள், அதனால்தான் வேர் அறுபடாமல் தெரிகிறது.

சுரஸ்தானம் அம்மா, உங்கள் மத்யமத்தைப் படித்த மறுநாள் இங்கே ஒரு பழைய கிட்டார் வாங்கினேன். அயோமி தன் விரலுக்குச் செய்ததை நானும் செய்து பார்த்தேன். அவர் பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூடான சால்டரிங் அயர்னால் குழி பறித்து, விரலுக்குப் பொருந்தும்வரை தேய்த்து, நுனியில் மாட்டும் குப்பி செய்தார். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய ஜாக்கெட்டிலிருந்து தோல் வெட்டி மேலே ஒட்டினார். குப்பி வழியே கம்பி தெரியாது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. அதற்காக பாஞ்சோ வாத்தியத்துக்கான மெல்லிய கம்பியை மாட்டினார்.

என் முதல் குப்பி விரிந்தது. இரண்டாவது இறுக்கம், பத்து நிமிஷத்தில் விரல் மரத்தது. அரத்தால் உள்ளே இழைத்து மூன்றாவதைச் செய்தேன், பழைய செருப்புத் தோல் ஒட்டினேன். நிற்கிறது. நேற்று ராத்திரி வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் அந்த மூன்று சுரத்தையும் வாசித்தேன். கீழ் ஸ சரியாக விழுகிறது. மேல் ஸ இன்னும் நழுவுகிறது. மத்யமத்தில் அந்த நடுக்கம் ஒரே ஒரு முறை வந்தது.