பாத்ரூம் சுவத்துல உள்ளங்கை அகலத்துக்கு பிரவுன் எட்டுக்கால் பூச்சி, உங்க வீட்டுக்கும் வந்திருக்கா?

மாடிவீட்டுக்காரி: ராத்திரி பாத்ரூம் லைட்டைப் போட்டா, ஹீட்டருக்குக் கீழ டைல்ஸ்ல அது. மூலையில ஒட்டடை கட்டித் தொங்குமே, அந்தக் குச்சிக்காலி இல்ல. பழுப்பு நிறம், நண்டு மாதிரி காலைப் பக்கவாட்டுல விரிச்சு சுவத்தோட அப்பிக் கிடக்கு. வலையே இல்ல. வயித்துக்கு அடியில வெள்ளையா, தட்டையா ஒரு வில்லை, ஒரு ரூபாய்க் காசு அளவு. வாளியை நகர்த்தினதும் சரேல்னு நிலைக்குப் பின்னாடி ஓடிடுச்சு. அந்த ஓட்டத்துலயும் வில்லையை விடல! நெட்ல தேடினா 'பிரவுன் ரெக்ளூஸ்', சதை அழுகும்னு போட்டிருக்கான். வீட்ல கைக்குழந்தை இருக்கு, தூக்கமே வரல.

தக்கலைக்காரன்: ஹண்ட்ஸ்மேன் அக்கா அது, வலை கட்டாம ஓடிப் பிடிச்சு வேட்டையாடுற சிலந்தி. கண்ணுக்குக் கீழ வெளிறின பட்டை இருந்துச்சா? எங்க வீட்ல காலண்டரைத் தூக்கினேன், பக்கத்துல பக்கத்துல ரெண்டு. ஒண்ணு ஓடிடுச்சு. இன்னொண்ணை வாரியலால தட்டினா காத்துல மிதந்து வருது. வெறும் தோல்! எட்டு காலும் அப்படியே இருக்கு, முதுகு ஓடு மட்டும் மூடியாத் திறந்திருக்கு. இன்னிக்கும் அந்தக் காலண்டர்ல தேதி கிழிக்க வீட்டுக்காரியைத்தான் கூப்பிடுவேன்.

பச்சிலைப்பிரியை: சும்மா அக்கா நொக்கான்னு ஆறுதல் சொல்லாதீங்க தம்பி. எங்கம்மா கழுத்துல அது மூத்திரம் பெஞ்சு கொப்புளமா வந்துச்சு. விடிய விடிய விசிறிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போட்டுதான் ஆறுச்சு.

ராத்திரிஷிப்ட்: பச்சிலை அக்கா, அது பெய்யிறதை யார் பாத்தது? எனக்கும் ஹாஸ்டல்ல வந்துச்சு, முழங்கை மடிப்புல. கையை மடக்கினா ஒட்டுற மேல்பக்கம், கீழ்பக்கம் ரெண்டுலயும் ஒரே வடிவத்துல புண். ஸ்கின் டாக்டர் பாத்ததும் கேட்டார்: "டியூப்லைட்டுக்குக் கீழ படிச்சியா?" மழைக்காலத்துல லைட்டுக்கு வருமே, ஆரஞ்சும் கறுப்புமா எறும்பு சைஸ்ல ஒரு வண்டு, பெடரஸ். கடிக்காது. நசுக்கினா அதோட ரத்தத்துல இருக்கிற பெடரின்ங்கிற நஞ்சு தோலைப் பொசுக்கும். மறுநாளோ அதுக்கு மறுநாளோதான் கொப்புளம் தெரியும், பழி சுவத்துல நிக்கிறவ மேல. அந்த வண்டு மேல உட்கார்ந்தா அடிக்காதீங்க, ஊதி விடுங்க. நசுங்கிட்டா சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஒரே பக்கமா வரிசையா வலியோட வந்தா அக்கியாவும் இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க. பச்சிலை அரைச்சு அப்பாதீங்க.

மாடி அக்கா, ரெக்ளூஸ் அமெரிக்காவுல தெற்கு, நடுப் பகுதிக்காரி. ஜோடி ஜோடியா ஆறே கண்ணு. அந்தக் குடும்பத்துல ஒண்ணு இந்தியாவுலயும் பதிவாகியிருக்கு, ஆனா அது சின்ன உருவம், உள்ளங்கை அளவுக்கெல்லாம் வராது. நீங்க பாத்தது முட்டைப்பை சுமக்கிற தாய், தம்பி சொன்ன அதே ஹண்ட்ஸ்மேன், அறிவியல் பேர் ஹெட்டரோபோடா வெனட்டோரியா. அந்த வெள்ளை வில்லைதான் முட்டைப்பை. உள்ள நூத்துக்கணக்குல முட்டை இருக்கும். கையால பிடிச்சா கடிக்கும், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்ல. டப்பாவைக் கவுத்து, அடியில அட்டையைச் சொருகி, வெளிய விடுங்க. மருந்து அடிக்காதீங்க, குழந்தை இருக்கிற வீடு. ஜன்னல் இடுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, தண்ணி போற குழி எல்லாத்துக்கும் வலை அடிங்க. அட்டைப்பெட்டி சேர்க்காதீங்க. அப்புறம் அந்த ஹீட்டர் வயரிங்கையும் ஒருதடவை பாத்துடுங்க.

அடுப்படிஅம்மிணி: வயரிங் வரைக்கும் போயிட்டீங்களா தம்பி! எங்கூட்டுல கேஸ் அடுப்புக்குப் பின்னால ஒண்ணு இருக்குதுங்க. ஒருக்கா பெரிய கரப்பான் ஒண்ணைக் கவ்விட்டு நின்னுச்சு, மீசை மட்டும் ஆடிட்டே இருந்துச்சு. அன்னைக்கிருந்து நான் வெரட்டறதில்லீங்க. சாமி ரூமுக்குள்ள வந்தா மட்டும் சீமாறுதான்.