மாஸ்ரரின்ர ஞாபக வளைவு: காசு அனுப்ப முதல்

ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

எங்கட பிள்ளையளுக்குக் கரப்பந்தாட்டம் பழக்கின மாஸ்ரரின்ர முப்பத்தோராம் நாள் முடிஞ்ச கையோட, அவரின்ர ஞாபகமா வாசல் வளைவு கட்ட நிதி கேட்டு வந்த கடிதம் பாத்தன். போன மாதம் ஊருக்குப் போன பெறாமகள் எடுத்த வீடியோவையும் ஒருக்கால் வடிவாப் பாருங்கோ. அவர் பழக்கின மைதானத்தில நெற் போஸ்ற் இரண்டும் சரிஞ்சு, கம்பியால இழுத்து முளையில கட்டியிருக்கு. கரைக்கோட்டுக்கும் புது மதிலுக்கும் இடையில இரண்டு எட்டுத் தூரந்தான்.

மாஸ்ரர் இருந்திருந்தா அண்டைக்கே பயிற்சியை நிப்பாட்டியிருப்பார். போஸ்ற்றுக்கு இழுவைக் கம்பி கட்டக்கூடாது எண்டது கரப்பந்தாட்ட விதி. பந்துக்கு ஓடுற பிள்ளை நிலத்தைப் பாக்காது, கால் கம்பியிலதான் மாட்டும். இரும்புக் குழாயைச் சீமெந்தில புதைச்சு, அதுக்குள்ள போஸ்ற்றை இறக்கினா கம்பியே தேவையில்லை. குழாயின்ர அடியில சரளை போடாட்டி மாரித் தண்ணி நிண்டு கறள் பிடிக்கும்.

அவரின்ர பின்னேரம் அளவுத்தடியோடதான் துவங்கும். ஆம்பிளைப் பிள்ளையளுக்கு நெற் உயரம் 2.43 மீட்டரில ஒரு வெட்டு, பெண்பிள்ளையளுக்கு 2.24இல ஒரு வெட்டு. முதல் நடுவில அளப்பார், பிறகு இரண்டு கரையிலயும். கரை இரண்டும் ஒரே உயரம் நிக்கவேணும், குறிச்ச உயரத்தை விட 2 சென்ரிமீட்டருக்கு மேல கூடவும் ஏலாது. மேல்கயிறு தளர்ந்தா நடு தொய்யும். அந்தத் தொய்வில பழகின அடிகாரன் மாவட்டப் போட்டிக்குப் போய் நெற்றிலயே அடிப்பான். இதைத் தெரிஞ்சு, ஆட்டத்துக்கு நடுவிலயும் எழும்பிப்போய்க் கயிறு இறுக்கின மனுசன் அவர்.

பழைய 15 புள்ளி முறை போய் 25 வந்த நேரம், இனிப் பிழைவிட்ட ஒவ்வொரு சேர்விசும் எதிர்ப்பக்கத்துக்குப் புள்ளி எண்டு சொல்லி, களைச்சுப்போன கடைசிக் கால்மணியிலதான் சேர்விஸ் பழக்கினார். களைச்ச கைதான் போட்டியில பிழைவிடும்.

காயத்தில இன்னும் கண்டிப்பு. நெற்றடியில மற்றவன்ர பாதத்தில இறங்கித்தான் கணுக்கால் பிரளும். ஐஸைத் துணியில சுத்தி 15–20 நிமிசம், விரலடியிலயிருந்து மேல நோக்கிப் பண்டேஜ், காலை உயர்த்திப் படுக்கை. முதல் இரண்டு நாளும் எண்ணெய் போட்டு உருவ விடமாட்டார், உருவினா வீக்கம் கூடும். இதுக்காகத் தாய்மாரிட்ட எவ்வளவு பேச்சு வாங்கினவர்! ஒற்றைக்காலில துள்ளி நோகாமல் இறங்கினாத்தான் திரும்பவும் மைதானம்.

பக்கத்து ஊரில வளைவு நிக்குது, எங்கட மாஸ்ரருக்கு இல்லையோ எண்டு சுவிஸ் தம்பி எழுதினது விளங்குது. அவருக்கு மரியாதை செய்யத்தான், வளைவுக்குப் பதிலா அந்தக் காசில மைதானத்தைத் திருத்துவம் எண்டு நானும் கேக்கிறன்.

பொருளாளர் அண்ணை, இந்தக் கணக்கை ஒருக்கால் பாருங்கோ. 18க்கு 9 மீட்டர் மைதானம், சுத்திவர 3 மீட்டர் வெளி, ஆக 24க்கு 15. நாலு அங்குலம் செம்மண் எண்டா 13 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). உருளை போட்டா காற்பங்கு இறங்கும், ஆனபடியால் 17 கியூப்புக்கு விலை கேளுங்கோ. மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவு விட்டாத்தான் வெள்ளம் வடியும். சீமெந்து வேண்டாம், பிள்ளையளின்ர முழங்கால் தாங்காது. மண் ஏத்த முதல் மதிலைத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கோ, பிறகெண்டா லொறி உள்ளுக்கு வராது.

அளவுத்தடி இப்பவும் மாஸ்ரர் வீட்டுப் பின்பத்தியில கிடக்குதாம். வீட்டில இருக்கிற ரீச்சரிட்டக் கேட்டா தருவா.