அப்டேட்: உருளை தோட்டத்துல ரெண்டு களைக்கொல்லி கலந்து அடிச்சது

நீலகிரி கேத்தி பக்கம் நம்ம உருளைக்கு பெண்டிமெத்தலினும் மெட்ரிபுசினும் சேர்த்து அடிக்கலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, நட்டு மண் அணைச்சு முளை வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஈர மண்ணுல அடிச்சாச்சு, இப்ப பாத்தி நல்லா சுத்தமா இருக்குங்க.

பெண்டிமெத்தலின் முளைக்கிற விதையோட வேரையும் குருத்தையும் நிறுத்திடும், புல்லுக்கு அது போதும். மெட்ரிபுசின் வேர் வழியா ஏறி இலையில ஒளிச்சேர்க்கையை தடுக்கும், அகல இலை களை அதுலதான் போகுது. வேற வேற வழியில தாக்குற மருந்து, அதான் சேர்த்தா பலன்.

கலக்குற வரிசை ரொம்ப முக்கியம்: டேங்க்ல பாதி தண்ணி, முதல்ல பவுடரா வர்ற மெட்ரிபுசின், நல்லா கலக்கிட்டு அப்புறம் எண்ணெய் மாதிரி இருக்கிற பெண்டிமெத்தலின். முதல்ல ஒரு கண்ணாடி ஜாடியில கொஞ்சமா கலந்து பாருங்க, திரிஞ்சா அடிக்காதீங்க. அளவு லேபிள்ல இருக்கிறதுதான்.

புளியாரைங்கிற களை மட்டும் அடங்கல, அது மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்குல இருந்து வருது, கையாலதான் தோண்டி எடுக்கிறோம்.

அடுத்து பீட்ரூட், கோஸ் போடுறவங்க தயவுசெஞ்சு கவனிங்க, மெட்ரிபுசின் மிச்சம் மண்ணுல இருந்தா அதுங்க கருகும். மழை வர்ற மாதிரி இருந்தாலும் அடிக்க வேண்டாம், நம்ம சரிவுல மருந்தெல்லாம் ஓடைக்குத்தான் போகும், கீழ அந்த தண்ணிய குடிக்கிறாங்க.