ஒற்றைத் தலைவலி என்ற பேரே என்னை ஏமாற்றிவிட்டது

எனக்கு வலி இரண்டு பக்கமும் வரும். அதனாலேயே இது மைக்ரேனாக இருக்காது என்று ஏழு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒற்றைத் தலைவலி என்றால் ஒரு பக்கம்தானே வலிக்கணும்? கூடவே மூக்கு அடைக்கும், கண்ணுக்குக் கீழே கனக்கும். சைனஸ் என்று நானே முடிவு கட்டி, ஆவி பிடித்துப் பிடித்து முகம் சிவந்ததுதான் மிச்சம். எடுத்த ஸ்கேனில் சைனஸ் சுத்தமாக இருந்தது.

கடைசியில் நரம்பியல் மருத்துவர் கேள்வியிலேயே பாதி கண்டுபிடித்துவிட்டார். வலிக்கும்போது மாடிப்படி ஏறினால் கூடுகிறதா? வெளிச்சமும் சத்தமும் சகிக்கவில்லையா? குமட்டுகிறதா? மாத்திரை போடாமல் விட்டால் எவ்வளவு நேரம் நீடிக்கும்? (4 மணியிலிருந்து 72 மணி நேரம் வரை போகலாமாம்.) எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னேன். முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு இதில் தூண்டப்படுவதால் மூக்கு அடைப்பதும் நீர் வடிவதும் வருமாம். இரண்டு பக்கம் வலிப்பதும் பலருக்கு உண்டாம். இப்போது வலி எட்டிப் பார்க்கும்போதே வாந்தியை நிறுத்தும் மாத்திரையோடு நாப்ராக்சன் என்ற வலி மாத்திரையைப் போட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் 'தாங்க முடியாதபோது பார்த்துக்கலாம்' என்று இருப்பேன். அதற்குள் இரைப்பை மந்தமாகி, போட்ட மாத்திரை உள்ளேயே கிடக்குமாம்.

உங்களுக்கு எப்படி வந்தது, எது கேட்டது? எழுதுங்களேன்.

* * *

எனக்கு ஆரா வகை, அதாவது தலைவலியோட பார்வைக் கோளாறு, மரப்பு மாதிரி அறிகுறிகளும் வர்ற மைக்ரேன். முதல் தடவை வந்தப்போ படிச்சுட்டு இருந்தேன், வரியில ரெண்டு எழுத்தைக் காணோம். கண்ணைக் கசக்கினேன். அந்த ஓட்டையைச் சுத்தி ரம்பப்பல் மாதிரி ஒரு மின்னல் வளையம், மெல்ல மெல்ல பெருசாச்சு. அப்புறம் விரல் நுனி மரத்து, மணிக்கட்டு, முழங்கைன்னு ஏறி உதடு வரைக்கும் வந்துச்சு. பக்கவாதம்னு நினைச்சு அழுதுட்டேன். அவசர சிகிச்சைக்குத்தான் ஓடினோம். அது சரிதான்னு அங்க சொன்னாங்க, முதல் தடவை யாரும் வீட்டுல உட்கார்ந்து யோசிக்கக் கூடாது.

பின்னாடி டாக்டர் விளக்கினது எனக்கு ரொம்பப் பிடிச்சது. மூளையோட மேற்பரப்புல ஒரு அலை நிமிஷத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்துல நகருமாம். 1944லேயே லியாவோங்கிற விஞ்ஞானி முயல் மூளையில இதைப் பதிவு பண்ணியிருக்கார். அதனாலதான் மரப்பு ஊர்ந்து ஏறுது. பக்கவாதம் பெரும்பாலும் சட்டுனு வரும், இது மெதுவாப் பரவும், பொதுவா 5 நிமிஷத்துலேர்ந்து 60 நிமிஷத்துக்குள்ள அடங்கிடும்.

பெண்களுக்கு ஒண்ணு: நான் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்துட்டு இருந்தேன். ஆரான்னு தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்தி வேற முறைக்கு மாத்தினாங்க. ரெண்டும் சேர்ந்தா பக்கவாத ஆபத்து கூடுமாம். இதை அதுவரை யாரும் என்கிட்ட கேட்கவே இல்லை.

* * *

எனக்குத் தலைவலியே அபூர்வம். தலைசுற்றல்தான். படுக்கை கப்பல் மாதிரி ஆடும், மணிக்கணக்கில். காதுக்கு வைத்தியம் பார்த்தே இரண்டு வருடம் போனது. வெஸ்டிபுலார் மைக்ரேன், அதாவது தலைசுற்றலாக வரும் மைக்ரேன், என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் நிம்மதி. ஃப்ளூனாரிசின் கொடுத்தார்கள். சுற்றல் குறைந்தது, தூக்கமும் எடையும் கூடின. ஆடாத படுக்கைக்கு அந்த விலை எனக்குச் சம்மதம்.

* * *

நான் என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படட்டும்.

மாதம் மூன்று நாலு தடவை வந்துகொண்டிருந்த வலி. இரவு வேலை, அதனால் பையில் எப்போதும் வலி மாத்திரை அட்டை. வலிக்கும் என்று தோன்றினாலே ஒன்று. பிறகு வலி வரக்கூடாது என்பதற்காகவே ஒன்று. மருத்துவர் டைரி எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால் மாதத்தில் 22 நாள் தலைவலி, அநேகமாக அத்தனை நாளும் மாத்திரை. மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால் அது நாள்பட்ட மைக்ரேன். என் விஷயத்தில் அதை வளர்த்துவிட்டதே மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரை மாதம் 15 நாள், ட்ரிப்டான் (மைக்ரேன் வலி வரும்போது போடும் மருந்து வகை) அல்லது பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாள், அந்த அளவில் மாதக்கணக்காகப் போனால் மருந்தே தலைவலியைக் கொண்டுவரும். இது தெரியாமல் கடையில் அட்டை அட்டையாக வாங்கியிருக்கிறேன்.

நிறுத்தச் சொன்னார். முதல் பத்து நாள் நரகம், பொய் சொல்ல மாட்டேன். அறையை இருட்டாக்கி, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். கூடவே தடுப்பு மருந்தாக டோபிராமேட். வலி குறைந்தது, ஆனால் விரலில் சுருசுருப்பு, சோடா குடித்தால் வாயில் உலோகச் சுவை, பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவும். கூட்டத்தில் 'கதவு' என்ற சொல் வராமல் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். ப்ரோப்ரனலால் தரலாமா என்று பார்த்தார், எனக்கு ஆஸ்துமா என்பதால் முடியாது. கடைசியில் இரவில் சிறிய அளவு அமிட்ரிப்டிலின். வாய் உலரும், தண்ணீர் குடித்துச் சமாளிக்கிறேன். மூன்று மாதம் பொறுத்த பிறகே தெரிந்தது: 22 நாள் 6 ஆனது.

* * *

மேலே எழுதினவருக்கு: அதே நிலையில் எனக்கு போட்டாக்ஸ் ஊசி போட்டார்கள். நெற்றி, பொட்டு, பிடரி, தோள் என்று 31 இடம், 12 வாரத்துக்கு ஒருமுறை. இரண்டாவது சுற்றுக்குப் பிறகுதான் வித்தியாசம். அதுவும் தேய்ந்தபோது மாத ஊசிக்கு மாறினேன். சி.ஜி.ஆர்.பி என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கிற மருந்து, 2018இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மைக்ரேனுக்கென்றே உருவானது. வலி நாட்கள் பாதியாயின, மலச்சிக்கல் இலவச இணைப்பு.

* * *

சாக்லேட்டைக் குற்றம் சொல்லி அதை விட்டவர்கள் இருக்கிறீர்களா? நானும் விட்டேன், வலி விடவில்லை. டைரியைப் புரட்டினால் முந்தின நாளே கொட்டாவி, எரிச்சல், இனிப்பு ஆசை. வலி புறப்பட்ட பிறகுதான் நான் சாக்லேட்டைத் தேடிப் போயிருக்கிறேன்! இப்போது கொட்டாவி வரிசையாக வந்தால் அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிடுகிறேன்.

* * *

ஒரு எச்சரிக்கை மட்டும். என் தம்பிக்கு வலியோடு ஒரு பக்கம் கையும் காலும் பலமே இழந்துவிடும், மரப்பு மட்டும் இல்லை. ஹெமிப்ளெஜிக் மைக்ரேன், அப்பாவுக்கும் இருந்தது. அந்த வகைக்கு ட்ரிப்டான் தரக் கூடாது, இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கும் கூடாது. நண்பருக்குக் கேட்டது என்று மாத்திரை கடன் வாங்காதீர்கள். நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, இவற்றுக்கு இங்கே எழுதிப் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

* * *

ஆரம்பித்தவன் திரும்ப வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. படித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று உறைத்தது. என் பையனுக்கு எட்டு வயது. மாதத்தில் ஒரு நாள் தொப்புளைச் சுற்றி வலி என்று சுருண்டு படுத்துக்கொள்வான். முகம் வெளுத்துவிடும், சாப்பாடு வேண்டாம் என்பான், மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுவான். பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான் என்று இரண்டு முறை திட்டியும் இருக்கிறேன். வயிற்றிலும் மைக்ரேன் வருமா?

* * *

வரும். என் அக்கா மகளுக்கு இருந்தது, வயிற்று மைக்ரேன் என்றே பெயர். ஆனால் வேறு வயிற்று நோய் இல்லை என்று குழந்தை மருத்துவர் முதலில் பார்க்கணும். தேதி, எத்தனை மணி நேரம், வாந்தி உண்டா எல்லாம் குறித்துக்கொண்டு போங்கள். உங்களுக்கு மைக்ரேன் இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், கட்டாயம் கேட்பார்கள். அவளுக்கு இப்போது பதினாறு வயது. வயிற்றுவலி நின்று, தலைவலி தொடங்கியிருக்கிறது.