மக்களவைல உள்ளாட்சி பத்தி கேட்டா வர்ற பதில யாரு எழுதுறாங்க? நம்ம ஊராட்சி கணக்கு அதுல ஏன் இல்ல?

பறளியாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு குமரி ஜில்லா திருவட்டார் பக்கம். எங்க ஊராட்சில குழாய் எல்லாம் போட்டாச்சு ஆனா மேட்டுல இருக்கிற பதினஞ்சு வீட்டுக்கு தண்ணி ஏறாது, ரெண்டு வருசமா கேக்கோம், கேட்டா டெல்லில இருந்து நிதி வரல்லன்னு சொல்லுகாங்க. சரி டெல்லி என்ன சொல்லுகுன்னு பாப்போம்னு மூணு நாளு ராத்திரி உக்காந்து பார்லிமென்ட் வெப்சைட்ல பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தோட பழைய பதில்கள வாசிச்சேன். பாதி பதில் ஒரே மாதிரி தொடங்குது, உள்ளாட்சி மாநிலப் பட்டியல்ல வருதுன்னு. ஏ முதல் டி வரை நாலு கேள்வி கேட்டா நாலுக்கும் சேத்து ஒரே பத்தில பதில். கடைசில ஒரு அட்டவணை, அதுல தமிழ்நாடுன்னு ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். நம்ம ஜில்லா பேரே இல்ல.

இந்த பதில எல்லாம் அமைச்சரா எழுதுறாரு இல்ல ஆபீசருங்களா? நம்ம எம்பி ஆபீஸ்ல போய் கேள்வி கேக்கச் சொன்னா எங்க ஊராட்சி கணக்கு வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, உண்மையிலயே தெரிஞ்சுக்கணும்.

---

வேளிமலை எழுதியது:

தம்பி, நான் யூனியன் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன், எந்த யூனியன்னு வேண்டாம். பதில் எங்க பிறக்குன்னு கேட்டா, முக்கால்வாசி உங்க ஊராட்சி செயலர் மேசைலதான் பிறக்கு.

எம்பி நோட்டீஸ் குடுக்கது குறைஞ்சது 15 நாளு முன்ன. மக்களவைச் செயலகம் அத அனுமதிச்சு அமைச்சகத்துக்கு அனுப்பும், அமைச்சகத்துல சம்பந்தப்பட்ட பிரிவு ஆபீசர் கைல விவரம் இருந்தா அங்கயே பதில் தயாராயிரும். இல்லன்னா மாநிலத்துக்கு வரும், சைதாப்பேட்டை பனகல் மாளிகைல இருக்கிற ஊரக வளர்ச்சி இயக்குநரகம், அங்க இருந்து நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல ஏடி பஞ்சாயத்து, அதாவது ஊராட்சிகள் உதவி இயக்குநர், அங்க இருந்து பிடிஓன்னு சொல்ற வட்டார வளர்ச்சி அலுவலர், பிடிஓட்ட இருந்து செயலர். இவ்வளவு படி இறங்கி வரும்போ 15 நாள்ல மிச்சம் இருக்கது ஒரு மத்தியானம்தான். நாலு மணிக்கு போன் வரும், பார்லிமென்ட் கேள்வி ஆறு மணிக்குள்ள வேணும்னு. மத்த வேலை எல்லாம் அப்படியே நிக்கும். அந்த நேரத்துல யாரு போய் களத்துல பாக்க முடியும், போன வருசம் குடுத்த எண்ணையே எடுத்து குடுக்கதும் உண்டும். அது தப்புதான், எனக்கு இப்பவும் மனசுல கிடக்கு.

ஒருக்கா கைப்பம்பு எத்தனை வேலை செய்யுன்னு கேட்டு வந்துது. ஒரு செயலர் மட்டும் ரிஜிஸ்டர பாத்து எழுத மாட்டேன்னுட்டு டிவிஎஸ் எடுத்துட்டு வார்டு வார்டா போய் ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்துட்டு இருட்டின பெறகு வந்தாரு, வேட்டி எல்லாம் நனைஞ்சிருந்து. ரிஜிஸ்டர்ல இருந்ததுக்கும் அவரு எண்ணினதுக்கும் நல்ல வித்தியாசம். அவரு எண்ணத்தான் மேல அனுப்பினோம். அப்படிப்பட்ட மனுசங்க இருக்கிற இடத்துல பதிலும் நேரா இருக்கும்.

ஆபீசருங்க தயார் பண்ணினாலும் சபைல அரசு சார்பா பதில் சொல்லது அமைச்சர்தான். நட்சத்திரக் கேள்வின்னா வாய்மொழியா பதில், அதுக்கு மேல துணைக் கேள்வி வரும், அதனால அமைச்சருக்கு தனியா குறிப்பு தயார் பண்ணி குடுப்பாங்க, ஆபீசருங்க அதிகாரிகளுக்கான மாடத்துல உக்காந்து வேணும்னா துண்டுச் சீட்டு அனுப்புவாங்க. ஆபீசரே வாயத் தொறந்து பதில் சொல்ல வேண்டிய இடம் நிலைக்குழு, அதாவது துறைகள ஆராய எம்பிக்கள் உக்கார்ற குழு. ஊரக வளர்ச்சிக்கும் பஞ்சாயத்து ராஜுக்கும் சேத்து ஒரு நிலைக்குழு உண்டும், மானியக் கோரிக்கை, அதாவது துறை தன் செலவுக்கு கேக்கிற பணக் கணக்கு, வரும்போ துறைச் செயலாளர் அவங்க முன்னால உக்காந்து பதில் சொல்லணும். அந்த அறிக்கைகள வாசிங்க தம்பி, சபை பதில விட அதுலதான் விசயம் கூடுதல்.

---

குழித்துறை வக்கீல் எழுதியது:

அண்ணாச்சி சொன்னதோட ரெண்டு மூணு சேத்துக்கிடுதேன். ஒரு நாளைக்கு மக்களவைல நட்சத்திரக் கேள்வி 20, எழுத்து மூலம் பதில் வர்ற நட்சத்திரமில்லாத கேள்வி 230. கேள்வி நேரம் 11 மணில இருந்து 12 மணி வரைதான், அதனால 20 நட்சத்திரக் கேள்வில சிலதுக்குத்தான் சபைல பேச நேரம் கிடைக்கும், மத்ததுக்கு எழுதின பதில் மேசைல வச்சிருவாங்க. யார் கேள்வி உள்ள வரும்னு குலுக்கல்ல தீரும். 150 வார்த்தைக்கு மேல போகப்பிடாது. முக்கியமா மத்திய அரசு பொறுப்புல இருக்கிற விசயமா இருக்கணும், அதனாலதான் எங்க மேட்டுல தண்ணி ஏறலன்னு நேரடியா கேட்டா செல்லாது. நிதிக் குழு பரிந்துரைப்படி மத்திய அரசு உள்ளாட்சிக்கு குடுக்கிற மானியம் எவ்வளவு விடுவிச்சிருக்கு, விடுவிக்கலன்னா காரணம் என்னன்னு கேட்டா செல்லும்.

தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறதுன்னு ஒரு பதில் வந்தா விட்டுராதீங்க. அது உறுதிமொழியா கணக்குல எடுக்கப்படும், மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும், அத பாக்கதுக்குன்னே அரசு உறுதிமொழிகள் குழு இருக்கு.

இன்னொண்ணு நம்ம ஜில்லாக்காரங்க மறந்துபோறது. இங்க கிராம ஊராட்சி 95 மட்டும்தான். பேரூராட்சி அம்பதுக்கு மேல இருக்கு, அது எல்லாம் நகர்ப்புறக் கணக்கு. பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்துட்ட கேட்டா பேரூராட்சி பத்தி ஒரு எழுத்து வராது, வீட்டு வசதி நகர்ப்புற அமைச்சகத்துட்டதான் கேக்கணும். குமரில பாதி ஊரு பேரூராட்சியா இருக்கும்போ தப்பான அமைச்சகத்துக்கு கேள்வி போனா ஒரு கூட்டத்தொடரே வீணாப் போயிரும்.

---

தோவாளைப் பூ எழுதியது:

தம்பி நிதி ஏன் வரல்லன்னு கேட்டியே, நான் 2019 டிசம்பர் தேர்தல்ல நின்னு ஜெயிச்ச வார்டு மெம்பர், அதனால சொல்லுதேன். எங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சுது. அதுக்குப் பெறகு தேர்தல் நடக்காம, அரசு போட்ட தனி அலுவலர் கைக்கு ஊராட்சி நிர்வாகம் போயிட்டு. அரசியலமைப்புல அஞ்சு வருசத்துக்கு மேல போகப்பிடாதுன்னு இருக்கு, முடியதுக்கு முன்னயே தேர்தல் முடிச்சிருக்கணும். நிதிக் குழு மானியம் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிக்குத்தான்னு நிபந்தனை இருக்கு, அப்ப தலைவர் இல்லாத ஊருக்கு பணம் எங்க இருந்து வரும். 15-ஆவது நிதிக் குழு 2021-26க்கு குடுத்ததுல 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னே கட்டிப்போட்ட பணம். உங்க மேட்டு வீட்டுக்கு ஏற வேண்டிய தண்ணி அந்த அறுபதுல இருந்து வர வேண்டியது. எனக்கு நெஞ்செரிச்சலா இருக்கு, அஞ்சு வருசம் நானும் நடையா நடந்தேன்.

டெல்லிக்கு போகதுக்கு முன்ன பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தோட இ-கிராம்ஸ்வராஜ் சைட்ல உங்க ஊராட்சி பேரப் போட்டு பாரு, வருசா வருசம் திட்டம் என்ன, என்ன செலவுன்னு இருக்கும். பெறகு கிராமசபை. தலைவர் இல்லன்னாலும் கிராமசபை உண்டும், வரவு செலவு வாசிக்கணும். வருசத்துக்கு ஆறு கிராமசபை, நவம்பர் 1-ம் அதுல ஒண்ணு, நம்ம ஜில்லா 1956ல தமிழ்நாட்டோட சேந்த அதே நாளு. அன்னைக்கு எல்லாரும் கொடி ஏத்தி முட்டாய் குடுத்துட்டு போயிருதாங்க, கூட்டத்துல வந்து உக்காரமாட்டாங்க. வந்து உக்காரணும் மக்கா.

---

பறளியாறு எழுதியது:

அண்ணாச்சி, வக்கீல் சார், அக்கா, ரொம்ப நன்றி. அக்கா சொன்ன சைட்ல போய் பாத்தேன், எங்க வார்டு பேர்ல குழாய் நீட்டிப்புன்னு திட்டத்துல ஒரு வேலை இருக்கு, ஆனா அதுக்கு நேரா செலவு எதுவும் காணல்ல. அதாவது திட்டத்துல எழுதியிருக்கு, வேலை நடக்கல்ல. இத்தனை நாளு எனக்கு இது தெரியாது.

எம்பிக்கு குடுக்க இப்படி எழுதலாமான்னு பாருங்க: கன்னியாகுமரி மாவட்ட கிராம ஊராட்சிகளுக்கு 15-ஆவது நிதிக் குழு மானியம் ஆண்டுவாரியாக எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எந்த தவணை நிறுத்தி வைக்கப்பட்டது, அதற்கான காரணம் என்ன, விடுவிக்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன.

---

வேளிமலை எழுதியது:

நல்லா இருக்கு தம்பி. ஊராட்சிவாரியாகன்னு ஒரு வார்த்தை சேத்துக்க, இல்லன்னா மறுபடியும் மாநிலத்துக்கு ஒரே வரிதான் வரும். அந்த திட்டப் பக்கத்த பிரிண்ட் எடுத்து உன் மனுவோட வை. பிடிஓ ஆபீஸ்லயும் ஒரு நகல் குடுத்து கையெழுத்தும் தேதியும் வாங்கி வச்சுக்க, நாளைக்கு மேல இருந்து நாலு மணிக்கு போன் வரும்போ அந்த மேசைல உன் பேப்பரும் கிடக்கணும்.