சிகாகோ பாமர் ஹவுஸ்: கோல்டு மெம்பர், அப்பா அம்மாவோடு தங்கலாமா?

கீதா (டல்லாஸ்)

கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அக்டோபரில் நானும் கணவரும் அவர்களைச் சிகாகோவுக்கு அழைத்துப் போகிறோம். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விவேகானந்தர் 1893-ல் பேசிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு 1897-ல் சுவாமிகள் எங்கள் ஊருக்கும் வந்து பேசினார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

டவுன்டவுனில் பாமர் ஹவுஸ் ஹில்டனைப் பார்த்து வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டு மூலமாக, ஹில்டனின் வாடிக்கையாளர் திட்டமான ஹில்டன் ஆனர்ஸில் எனக்குக் கோல்டு நிலை இருக்கிறது, அறைக்குக் காசுக்குப் பதிலாகக் கொடுக்கும் பாயிண்டும் ஓரளவு சேர்ந்திருக்கிறது. ஆனால் முன்பு வேறொரு ஊரில், இதே மாதிரி பழம்பெருமை பேசும் ஒரு ஹோட்டலில் தங்கியபோது ஜன்னல் திரையை விலக்கினால் எதிரே வெறும் சுவர். கோல்டு என்று சொல்லியும் வேறு அறை கிடைக்கவில்லை. பெரியவர்களை வைத்துக்கொண்டு அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் முட்டை கூடச் சேர்க்காத சைவம். நான்கு இரவு தங்கலாம் என்று நினைக்கிறோம். கோல்டுக்கு அங்கே உண்மையில் என்ன கிடைக்கும்? காசு கொடுப்பதா, பாயிண்டில் போடுவதா? அல்லது பேசாமல் புதிய ஹோட்டல் ஒன்றில் போட்டுவிடலாமா?

வசந்தா (ஓக் பார்க்)

கீதா, நான் லூப் என்று சொல்லும் டவுன்டவுன் பகுதியில் பல வருடம் வேலை பார்த்தவள். பனிக்காலத்தில் வாபாஷ் தெருவிலிருந்து ஸ்டேட் தெருவுக்குப் போக, வெளியே நடக்காமல் பாமர் ஹவுஸின் கீழ்த்தளக் கடைவீதிக்குள் புகுந்துதான் போவேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன், தங்கவும் வைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பாவுக்கு. அவருக்கு இந்த ஹோட்டலைவிடப் பொருத்தமான இடம் சிகாகோவில் இல்லை. பாட்டர் பாமர் என்ற வணிகர், தான் மணந்த பெர்த்தா ஹொனோரேவுக்குக் கல்யாணப் பரிசாகக் கட்டியது முதல் பாமர் ஹவுஸ். 1871 செப்டம்பரில் திறந்தார்கள். பதின்மூன்றே நாளில் சிகாகோ பெருந்தீ வந்து தரைமட்டமாக்கிவிட்டது. மனிதர் அசரவில்லை, கடன் வாங்கி மறுபடி கட்டினார். 1873-ல் திறந்த அந்த இரண்டாவது ஹோட்டலைத் தீப்பிடிக்காத ஹோட்டல் என்றே விளம்பரம் செய்தார்கள். இப்போது நிற்பது மூன்றாவது. ஹொலபர்ட் அண்ட் ரோச் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. 1920-களில் பழையதைப் பாதி பாதியாக இடித்துக் கட்டினார்கள். ஹோட்டலை மூடவே இல்லை. முதல் பாதி 1925-லும் மறுபாதி 1927-லும் முடிந்தது. 1945-ல் கான்ராட் ஹில்டன் வாங்கினார்.

1893-க்கு வருவோம். அந்த வருடம் இங்கே நடந்த உலகக் கண்காட்சியில் பெண்கள் நிர்வாகக் குழுவின் தலைவி இதே பெர்த்தா பாமர்தான். சர்வ சமயப் பேரவையும் அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான். அது கூடிய கட்டடம் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற கலை மியூசியம். ஹோட்டலின் மன்றோ தெரு வாசலில் இறங்கிக் கிழக்கே நடந்தால் வாபாஷ், அடுத்தது மிச்சிகன் அவென்யூ, எதிரே ஆர்ட் இன்ஸ்டிடியூட். அம்மாவால் கூட மெதுவாக நடந்துவிட முடியும். சுவாமிகள் செப்டம்பர் 11 அன்று பேசிய கொலம்பஸ் மண்டபம் தற்காலிகமாக அமைத்தது, இன்று இல்லை. கட்டடம் அதுவேதான். வெளியே மிச்சிகன் அவென்யூவில் விவேகானந்தர் பெயரில் தெருப் பலகை இருக்கிறது. அப்பாவை அதன் கீழ் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். செவ்வாயும் புதனும் மியூசியம் விடுமுறை. அதற்கேற்ப நாளைத் தேர்ந்தெடுங்கள்.

லாபி தெரு மட்டத்தில் இல்லை, ஒரு மாடி ஏற வேண்டும். லிப்டும் எஸ்கலேட்டரும் உண்டு, அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. மேலே போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கூரை முழுவதும் லூயி பியர் ரிகால் என்ற பிரெஞ்சு ஓவியர் தீட்டிய கிரேக்க புராணக் காட்சிகள். மன்றோவும் ஸ்டேட்டும் சந்திக்கும் மூலையில் பழைய நகைக்கடை ஒன்றின் வெண்கலக் கதவுகள் இருக்கின்றன, மயில் உருவங்களோடு. நம் ஊர்க்காரர்கள் அந்தக் கதவை விட்டு நகர மாட்டார்கள். என் மாமியார் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, கோல்டுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் 2021-லிருந்து இந்த வகை ஹில்டன் ஹோட்டல்களில் கோல்டு, அதற்கும் மேலான டைமண்டு மெம்பர்களுக்கு இலவசக் காலை உணவு கிடையாது. அதற்குப் பதில் நாளுக்கு ஒரு தொகை, ஹோட்டலுக்குள் சாப்பிடச் செலவழிக்கலாம். அதுவும் அறையில் பதிவான இருவர் வரைதான். நீங்கள் நான்கு பேர். இரண்டு அறை எடுத்தாலும் நீங்கள் தங்கும் அறைக்குத்தான் கோல்டு சலுகை. டவுன்டவுன் விலையில் அந்தத் தொகை காபி, ரொட்டியைத் தாண்டாது. அறை உயர்வு, காலி இருந்தால்தான். சூட் அறை கோல்டுக்கு வராது. ஆக, கோல்டு இருக்கிறதே என்பதற்காக இங்கே போகாதீர்கள். கட்டடத்துக்காகப் போங்கள். அதற்காகப் போனால் ஏமாற்றம் இருக்காது.

அறையைப் பற்றி இன்னும் முக்கியமானது ஒன்று. இங்கே ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் அறைகள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. பல அறைகள் அந்தக் காலத்து அளவில் சின்னவை, சில கட்டடத்தின் உள்முற்றத்தைப் பார்த்தவை. ஆனால் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வகை இங்கே உண்டு: இரண்டு குயீன் கட்டில், இரண்டு குளியலறை. பெரியவர்கள் விடியற்காலையில் குளிக்க, நீங்கள் அவசரமில்லாமல் கிளம்ப, ஒரே அறையில் நான்கு பேருக்கும் சரியாக இருக்கும். அதைப் பெயர் பார்த்து அதே வகையாக பதிவு செய்யுங்கள். அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

வாபாஷ் பக்கம் மேம்பால ரயில் ஓடுகிறது. கீழ்மாடி அறைகளில் சத்தம் நன்றாகக் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், தூக்கம் லேசானவர்களுக்கு ஆகாது. அம்மா தூக்கத்துக்குக் கஷ்டப்படுபவர் என்றால் உயரமான மாடியோ வேறு பக்கமோ கேளுங்கள்.

சேகர் (அட்லாண்டா)

வசந்தா அக்கா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் சில வருடம் ஒரு பெரிய டவுன்டவுன் ஹோட்டலில் ஃபிரண்ட் டெஸ்க்கில் இருந்தவன்.

கோல்டு கார்டோடு சும்மாவே வந்துவிடுவதால், மாநாடு நடக்கும் வாரத்தில் வரிசையில் நிற்பவர்களில் நிறையப் பேர் கோல்டாகத்தான் இருப்பார்கள். நல்ல அறைகளை டைமண்டு மெம்பர்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கிவிடுவோம். கவுண்டரில் வந்து கோல்டு என்று சொல்பவருக்குச் செய்ய எங்கள் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. அதே ஆள் மூன்று நாள் முன்பே போன் செய்து, அம்மாவுக்கு முழங்கால் வலி, டப்புக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாது, நடந்தே நுழையும் ஷவர் வேண்டும் என்றால் அது பதிவில் ஏறிவிடும். அறை ஒதுக்குபவர் அதைப் படிப்பார். வயதானவர்களுக்கு என்று குறிப்பிட்டுக் கேட்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போனில் மத்திய எண்ணை விட்டுவிட்டு நேரே ஹோட்டலையே கூப்பிடுங்கள். பழைய கட்டடங்களில் இந்த டப் விஷயம் முக்கியம், இரண்டு குளியலறை இருந்தால் அதில் ஒன்றாவது ஷவர்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு அறைதான் வேண்டும் என்றால், இடையில் கதவு உள்ள அறைகளைப் பதிவு செய்யும்போதே உறுதி செய்யும் வசதி ஹில்டன் தளத்தில் இருக்கிறது. முந்தின நாள் ஆப்பில் செக்-இன் செய்யும்போது அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கவும் விடுவார்கள்.

பதிவு மட்டும் ஹில்டன் தளத்திலோ ஆப்பிலோ இருக்கட்டும். வெளித் தளத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டால் பாயிண்டும் வராது, கோல்டும் செல்லாது.

ஜெயராம் (எடிசன்)

காசா பாயிண்டா என்பதற்கு நான் சொல்கிறேன். சிகாகோவில் ஹோட்டல் வரி 17 சதவீதத்துக்கு மேல். பல டவுன்டவுன் ஹோட்டல்களில் நாள் கட்டணம் என்று தனியாக ஒன்றும் உண்டு. 2025 மே மாதத்திலிருந்து அந்தக் கட்டாயக் கட்டணத்தை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. வரி அதற்கும் மேல். முழுக்கப் பாயிண்டில் எடுத்தால் ஹில்டனில் அந்தக் கட்டணம் கிடையாது, வரியும் இல்லை. அதனால் ஒப்பிடும்போது அறை விலையை மட்டும் எடுக்காமல், கடைசியில் கார்டில் விழும் தொகையைப் பாயிண்டோடு ஒப்பிடுங்கள்.

சில்வர், கோல்டு, டைமண்டு எல்லாருக்கும் ஸ்டாண்டர்டு ரிவார்டில், அதாவது சாதாரண அறையை முழுக்கப் பாயிண்டில் எடுத்து, ஐந்து இரவு போட்டால் ஐந்தாவது இரவுக்குப் பாயிண்ட் கழியாது. நான்கு இரவு என்கிறீர்கள், இன்னும் ஒரு நாள் சேர்த்தால் அது இலவசம். ஆனால் அக்கா சொன்ன இரண்டு குளியலறை அறை ஸ்டாண்டர்டு ரிவார்டில் காட்டுகிறதா பாருங்கள். பிரீமியம் ரிவார்டாக இருந்தால் பாயிண்டும் அதிகம், ஐந்தாவது இரவுச் சலுகையும் கிடையாது.

எனக்குப் பிடித்த மாற்று வழி ஒன்று: வடக்கே சில தெரு தள்ளி, பழைய சிகாகோ மோட்டார் கிளப் கட்டடத்தில் ஒரு ஹாம்ப்டன் இன் இருக்கிறது. 1928-ல் கட்டியது, ஆர்ட் டெகோ. லாபிச் சுவரில் அமெரிக்க நெடுஞ்சாலைகளைக் காட்டும் பிரம்மாண்டமான வரைபட ஓவியம் உண்டு. ஹாம்ப்டன் என்பதால் நான்கு பேருக்கும் காலை உணவு இலவசம், கோல்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். பழைய கட்டடமும் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் அதுவே என் கணக்கு.

கீதா (டல்லாஸ்)

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஹாம்ப்டன் பற்றி அப்பாவிடம் சொன்னேன். பெருந்தீயில் எரிந்து மறுபடி கட்டிய இடத்திலேயே தங்குவோம் என்கிறார். பாமர் ஹவுஸ்தான், முடிவாகிவிட்டது. ஹோட்டலுக்குப் போன் செய்து ஷவர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், பதிவில் எழுதிக்கொண்டார்கள். வசந்தா அக்கா, சாப்பாட்டுக்கும் அம்மாவின் நடைக்கும் ஏதாவது வழி சொல்லுங்களேன். அந்த ஹோட்டலின் பிரௌனி பிரபலம் என்று கேள்விப்பட்டேன், அதை அவர்கள் சாப்பிடலாமா?

வசந்தா (ஓக் பார்க்)

பிரௌனியில் முட்டை உண்டு கீதா, அவர்களுக்கு ஆகாது. 1893 கண்காட்சிக்கு வரும் பெண்கள் கையில் எடுத்துப் போகும் சாப்பாட்டுப் பெட்டிக்காக ஓர் இனிப்பு வேண்டும் என்று பெர்த்தா பாமர் கேட்டு, ஹோட்டல் சமையலறையில் பிறந்தது என்பது ஹோட்டல் சொல்லும் வரலாறு. வால்நட் போட்டு, மேலே ஆப்ரிகாட் பாகு பூசியிருப்பார்கள். நீங்களும் கணவரும் கட்டாயம் சாப்பிடுங்கள்.

பெரியவர்களுக்கு அவல், பொடி, தண்ணீர் காய வைக்கச் சின்னக் கெட்டில் எடுத்து வந்துவிடுங்கள். காலை அதோடு போகட்டும். உங்கள் கோல்டு தொகையைக் காபிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் மதியம் டெவான் தெருவுக்குப் போங்கள், நல்ல தென்னிந்தியச் சைவச் சாப்பாடு கிடைக்கும். ரெட் லைனில் ஹோவர்ட் போகும் ரயில், லயோலாவில் இறங்கி 155 பஸ். ஹோட்டலுக்குப் பக்கத்தில் இருக்கும் மன்றோ நிலையத்தில் லிப்ட் இல்லை. தெற்கே இரண்டு தெரு தள்ளி ஜாக்சனில் ஏறுங்கள், அங்கே உண்டு. லயோலாவிலும் உண்டு.

விமான நிலையத்திலிருந்து வருவதற்கும் அதே கவனம் வேண்டும். மிட்வேயில் இறங்கினால் ஆரஞ்சு லைன் பிடித்து வாஷிங்டன்/வாபாஷ் நிலையத்தில் இறங்குங்கள். 2017-ல் கட்டிய புது நிலையம், லிப்ட் இருக்கிறது, ஹோட்டல் பக்கம்தான். ஓஹேர் என்றால் புளூ லைன். மன்றோவில் இறங்காமல் ஜாக்சனில் இறங்குங்கள். பெட்டி நிறைய இருந்தால் டாக்ஸியே பிடித்துவிடுங்கள், அம்மாவுக்கு அது நிம்மதி.

தேதியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு சிகாகோ மாரத்தான், கிராண்ட் பார்க்கில்தான் தொடக்கமும் முடிவும். அந்த வார இறுதியில் அறை விலை ஏறிவிடும், லூப்பில் பல தெருக்களை அடைத்துவிடுவார்கள். அதற்கு அடுத்த வாரம் வந்தால் நல்லது. தேதி உறுதியானதும் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். ஒரு நாள் நானும் வருகிறேன், அப்பாவுக்கு மயில் கதவை நானே காட்டுகிறேன்.