பேட்டரி ரம்பம் பாதி வெட்டில் நின்றபோது

அலமாரித் தட்டுகளுக்காக, பேட்டரியில் ஓடும் வட்ட ரம்பத்தால் 18 மி.மீ. பிளைவுட் அறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம் நகர்ந்ததும் ரம்பம் முனகி நின்றுவிடும். சுவிட்சை விட்டு மறுபடி அழுத்தினால் ஓடும். இன்னொரு முழம் போனதும் மீண்டும் நிற்கும். பேட்டரியில் எல்லா விளக்குகளும் எரிந்தன. நண்பரிடம் இரவல் வாங்கிய பேட்டரியைப் போட்டும் அதே கதை. மோட்டார் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வெட்டிய விளிம்புதான். பழுப்பாகக் கருகியிருந்தது, கருகல் வாடையும் வந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ரம்பத்தைத் திருப்பி ஒரு பல்லின் பக்கவாட்டை நகத்தால் சுரண்டினேன். அடிப்பிடித்த வெல்லப்பாகு போலக் கறுப்பாக ஓர் ஏடு பெயர்ந்து வந்தது. மரப்பிசினும் பிளைவுட் பசையும் சேர்ந்து சூட்டில் இறுகிய படிவு அது.

பல் நுனியில் இருக்கும் கார்பைடு என்ற கடினப் பொருளாலான துண்டு பிளேடின் உடலைவிடச் சற்று அகலமானது. அந்த அகலம்தான் உடல் மரத்தில் உரசாமல் காக்கிறது. படிவு ஏறிவிட்டால் அந்த இடைவெளி அடைபட்டு, பிளேடு அறுப்பதோடு தேய்க்கவும் தொடங்குகிறது. மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்சுற்று தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திவிடுகிறது. ஆக, நான் பழுது என்று நினைத்தது பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் சரியாகச் செய்ததைத்தான்.

வெதுவெதுப்பான நீரில் சலவை சோடா கரைத்துப் பிளேடைக் கால் மணி நேரம் ஊறவிட்டேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் படிவு வழன்று வந்தது. (கார்பைடு சில்லுப் பெயரக்கூடியது, கத்தியால் சுரண்ட வேண்டாம்.) நன்றாகத் துடைத்து உலர்த்தி மாட்டினேன். மீதித் தட்டுகள் அனைத்தையும் ஒரே பேட்டரியில் அறுத்து முடித்தேன்.

*

பிளேடுப் படிவு பற்றி முதலில் எழுதியவருக்கு: நீங்கள் எழுதியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பேட்டரியில் குறையில்லாமலும் ரம்பம் நிற்கலாம், சரி. ஆனால் என் விஷயத்தில் பேட்டரியேதான் குற்றவாளி. பிளேடு புதிது, மரம் காய்ந்தது. ஆனாலும் மரத்தில் வைத்ததும் ரம்பத்தின் மூச்சு நின்றுவிடும்.

18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து தொடராக இணைந்திருக்கும். அவற்றில் ஒன்று நலிந்துபோனாலும் சும்மா இருக்கும்போது மொத்த வோல்டேஜ் நன்றாகவே தெரியும். பாரம் ஏறியதும் அந்த ஒரு செல் சரிந்துவிடும், கூடவே மொத்தமும் நிற்கும். விளக்குகள் காட்டுவது ஓய்வு நேரத்து நிலையைத்தான். அதை நம்பி நான் இரண்டு வாரம் வீணடித்தேன். வேறு பேட்டரி போட்டு அதே பலகையில் அதே வெட்டைப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

2 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் பெரும்பாலும் ஒரே வரிசைச் செல்கள்தான். 5 ஆம்பியர்-மணியில் செல்கள் இரண்டிரண்டாக இணைந்து சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். துளையிடும் கருவிக்குச் சின்னது போதும், ரம்பத்துக்குப் போதாது என்பது என் தீர்மானமான கருத்து. சூடாகக் கழற்றிய பேட்டரியை உடனே சார்ஜரில் செருகவும் வேண்டாம். கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும்.

*

நீங்கள் இருவரும் சொன்ன, நின்றுபோகும் ரம்பம் பரவாயில்லை. எனக்கு நேர்ந்தது உதைப்பு. நீளப் பலகையின் இரு முனைகளுக்கும் அடியில் முக்காலி வைத்து, நடுவில் அறுத்தேன். முக்கால்வாசி அறுபட்டதும் பலகை தன் கனத்தில் தொய்ந்தது. வெட்டுவாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வியது. ரம்பம் என் பக்கமாகத் துள்ளிக் கையைவிட்டுப் போய்த் தரையில் விழுந்தது. நேர் பின்னால் நிற்காமல் ஒதுங்கி நின்றதால் தப்பித்தேன்.

ஆனால் பிளேடைத் தானாக மறைக்க வேண்டிய கீழ் மூடி முழுதாக மூடவில்லை. பிளேடு நிற்பதற்குள் தரையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டது. அந்தக் கீறலை இன்றும் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. அது தொடையில் விழுந்திருக்க வேண்டிய கீறல்.

அன்றுமுதல் வெட்டுக்கோட்டுக்கு மிக அருகில் தாங்கு கொடுத்து, கழியும் துண்டு தானாக விழும்படி விடுகிறேன். பிளேடின் ஆழத்தைப் பலகைக்கு அடியில் 3 முதல் 6 மி.மீ. மட்டும் நீளும்படி வைக்கிறேன். வேலை தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றி, மூடியை முழுதாக இழுத்து விட்டுப் பார்க்கிறேன். ‘டக்’ என்று மூட வேண்டும். மந்தமாக இருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தூளைத் தட்டுகிறேன். எண்ணெய் விட்டால் மரத்தூள் ஒட்டி இன்னும் மோசமாகும். அவசரத்துக்கு ஆப்பு செருகி மூடியைத் திறந்தே வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொன்று: விழுந்த ரம்பத்தின் அடித்தட்டு வளைந்திருந்தது. அதன்பின் எந்த வெட்டும் நேராக வரவில்லை. தட்டின் விளிம்பிலிருந்து பிளேடின் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்தபோது 2 மி.மீ. வித்தியாசம் இருந்தது. மூலைமட்டம் வைத்துச் சரிசெய்தேன்.

*

நானும் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். என் பழைய ரம்பத்தில் சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு வெகுநேரம் சுற்றியது. மோட்டாரே மின்னாக்கியாக மாறித் தன் சுழற்சியைத் தடுப்பதுதான் அதில் பிரேக். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டைகள் தேய்ந்து, அதைச் சரியாகத் தொடாததால் பிரேக் வேலை செய்யவில்லை. இரண்டு கார்பனையும் சேர்த்து மாற்றியதும் முன்போல நின்றது.

*

முதலில் எழுதியவன்தான் மீண்டும் எழுதுகிறேன். உதைப்பு பற்றிப் படித்துவிட்டு இன்று காலை பேட்டரியைக் கழற்றி மூடியை இழுத்து விட்டேன். முக்கால் தூரம் வந்து நின்றுவிட்டது. பிளேடைக் கழற்றிப் பார்த்தால், மூடியின் சுழல்பகுதியில் குண்டூசி அளவுக்கு ஒரு சிராய் குறுக்கே கிடந்தது. குறட்டால் பிடித்து எடுத்தேன். பத்து முறை இழுத்துவிட்டேன். பத்து முறையும் மூடியது. அதற்குப் பிறகுதான் பிளேடையும் பேட்டரியையும் மாட்டினேன்.